சவுக்குத் தோப்பில் இரண்டு இரவு: கடலோரச் சிறு முகாமில் தங்க முழுமையான வழிகாட்டி

முதல் தடவை போனபோது, இரவு 11.30-க்கு எங்கள் கூடாரம் எங்கள் மேலேயே விழுந்தது. காற்று ஒன்றும் பிரமாதமில்லை. கூடாரத்தோடு வந்த கம்பி ஆணிகளை மணலில் குத்திவிட்டு, நின்றுவிடும் என்று நம்பிப் படுத்தது என் தப்பு. காலையில் முகாமில் சமையல் பார்க்கும் அக்கா, "மணல்ல ஆணி நிக்குமா சார்? சொல்லியிருந்தா பை குடுத்திருப்பேன்ல" என்றார். என்ன பை என்று அப்போதுதான் கேட்டேன். அந்தப் பையின் கதை கீழே வருகிறது.

நான் சொல்வது கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் தாண்டி மரக்காணம் வரையிலான பகுதி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி. முதலியார்குப்பம் அருகே ஓதியூர் ஏரி, கடப்பாக்கத்தில் இடிந்து நிற்கும் ஆலம்பறைக் கோட்டை, மரக்காணம் உப்பளங்கள், அதை ஒட்டிக் கழுவெளி ஈரநிலம். இடையிடையே சவுக்குத் தோப்பிலும் தென்னந்தோப்பிலும் ஐந்து முதல் பத்துக் கூடாரம், ஒரு பொதுச் சமையலறை, இரண்டு மூன்று கழிவறை என்று சின்னச் சின்ன முகாம்கள் உண்டு. நீச்சல் குளமும் டிஜேயும் உள்ள ரிசார்ட்டுகளைப் பற்றி இங்கே பேசவில்லை.

எப்போது போவது

பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு, மார்ச் முடிவதற்குள். இதுதான் சரியான காலம். காணும் பொங்கலன்று மட்டும் வேண்டாம். அன்று கடற்கரை யாருக்கும் சொந்தமில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் ஒன்று உருவானாலே அலை கூடிவிடும். அந்த மூன்று மாதம் கூடாரத்துக்கு ஆகாது. மே மாதக் கத்திரியில் பகல் முழுக்கத் தோப்பு நிழலில் சுருண்டு கிடக்க வேண்டியதுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை போகலாம், ஆனால் சாயங்காலம் இடி மழை வரும் என்று நினைத்துக்கொண்டு போக வேண்டும்.

நாளை முடிவு செய்யும்போது பஞ்சாங்கத்தையும் ஒரு தடவை புரட்டுங்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஓதம், அதாவது கடல் தினமும் ஏறி இறங்குவது, அதிகமாக இருக்கும். நட்சத்திரம் பார்க்க வேண்டும் என்றால் அமாவாசைப் பக்கம், குழந்தைகளோடு இரவில் மணலில் நடக்க வேண்டும் என்றால் வளர்பிறை.

பணம் கட்டும் முன் ஒரு போன்

'சுற்றுச்சூழலுக்கு உகந்த' என்ற பலகையை யாரும் மாட்டலாம். மூங்கில் தட்டி அடித்து, மஞ்சள் பல்பு தொங்கவிட்டால் போட்டோவில் எல்லாம் பசுமையாகத்தான் தெரியும். 'நீலக் கொடி' என்று சிலர் சொல்வார்கள். அது கடற்கரைக்குக் கொடுக்கும் சான்று. சென்னை அருகே கோவளம் 2021-ல் அதை வாங்கியது. பக்கத்தில் இருக்கும் முகாமுக்கு அதில் பங்கு கிடையாது.

நான் கேட்பது நாலே கேள்வி. தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கழிவறையில் போவது எங்கே சேர்கிறது? இரவில் கடற்கரைப் பக்கம் விளக்கு எரியுமா? குப்பையை யார், எங்கே கொண்டுபோகிறார்கள்?

உண்மையாக நடத்துபவர் நாலுக்கும் பதில் வைத்திருப்பார், கொஞ்சம் நீளமாகவே. "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்" என்று ஒரே வரியில் முடித்தால் நான் வேறு இடம் பார்ப்பேன். ஒரு தடவை அப்படிச் சொன்ன இடத்துக்கு நண்பர்களின் வற்புறுத்தலால் போனோம். விடிகாலையில் தோப்புக்குப் பின்னால் குழி வெட்டித் தட்டையும் பாட்டிலையும் எரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகையில்தான் காலைக் காப்பி.

இன்னொன்றும் கேளுங்கள்: கூடாரங்கள் மணல்மேட்டுக்குப் பின்னால் இருக்கின்றனவா, முன்னால் இருக்கின்றனவா? கரையில் எங்கே எதைக் கட்டலாம் என்று சொல்லும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் 1991-லிருந்து இருக்கின்றன, பல தடவை திருத்தப்பட்டும் விட்டன. அதன் சந்துபொந்தெல்லாம் விருந்தாளிக்கு வேண்டாம். மணல்மேட்டுக்கு முன்னால், அலைக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டுத் தருகிறேன் என்பவர் உங்கள் பாதுகாப்பையும் பார்க்கவில்லை, மேட்டையும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

அப்புறம், தலைக்கு எவ்வளவு, அதில் எத்தனை வேளை சாப்பாடு, சொந்தக் கூடாரம் கொண்டுவந்தால் குறையுமா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

மூட்டை

குறைவாகக் கட்டுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். கடலோரத்தில் எதை விடக் கூடாது என்பதுதான் முக்கியம்.

துணிப்பை ஆறு. மஞ்சப்பையே போதும். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தமிழ்நாட்டில் தடை. 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்துக்குப் பிறகு எல்லார் வீட்டிலும் பத்து பை சேர்ந்திருக்கும். கூடவே 3 மீட்டர் கயிறு ஆறு துண்டு. கால் துடைக்க ஒரு பழைய கோணி. ஆளுக்கொரு தட்டு, தம்ளர், தண்ணீர் பாட்டில். டார்ச்சும் அதன் கண்ணாடியில் ஒட்டச் சிவப்புக் கண்ணாடித்தாளும். பவர் பேங்க், ஏனென்றால் சோலார் முகாமில் ஆறு போன் சார்ஜ் போட்டால் இரவு விளக்கு மங்கிவிடும். மாலை நேரத்துக்கு முழுக்கை, முழுக்கால் துணி; உப்பங்கழிக் கொசு ஊர்க் கொசு மாதிரி இல்லை. ஜனவரியில் போனால் போர்வை கூட ஒன்று. பனி இறங்கி விடியும்போது கூடாரத் துணி ஈரமாக இருக்கும்.

ஸ்பீக்கரை வீட்டில் வைத்துவிடுங்கள். தயவுசெய்து.

போய்ச் சேர்வது

பஸ்ஸில் போவது சுலபம். திருவான்மியூரில் நின்றால் புதுச்சேரி பஸ் வரும். ஏறும் முன் 'ஈ.சி.ஆர் வழியா?' என்று கேட்டுவிடுங்கள். திண்டிவனம் வழி பஸ்ஸில் ஏறினால் கடலையே பார்க்க முடியாது. இறங்குமிடத்திலிருந்து முகாமுக்கு ஆட்டோ ஏற்பாடு செய்வார்கள். பகல் 3 மணிக்குள் சேருங்கள். வெளிச்சத்தில் இடம் பார்க்க வேண்டும்.

கூடாரம் அடிப்பது

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

முதலில் அலை ஏறிய தடத்தைக் கண்டுபிடியுங்கள். காய்ந்த பாசி, சிப்பித் துணுக்கு, குச்சி, தெர்மோகோல் துண்டு எல்லாம் ஒரே கோடாக ஒதுங்கியிருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட கோடு இருந்தால் கரைப்பக்கம் கடைசியாக உள்ளதுதான் கணக்கு. நம் கடற்கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுதான், குஜராத் பக்கம் போல இல்லை. ஆனாலும் தூரத்தில் எங்கோ அடித்த புயலின் அலை இங்கே வந்து ஏறுவது உண்டு. கள்ளக்கடல் என்று சொல்வது அதைத்தான்: இங்கே வானம் தெளிவாக இருக்கும், காற்றும் இருக்காது, தண்ணீர் மட்டும் ஏறி வரும். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (INCOIS) என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் இதற்கு எச்சரிக்கை கொடுக்கிறது. கிளம்பும் முன் பார்த்துவிடலாம்.

அடுத்து, காலடியில் என்ன செடி இருக்கிறது என்று பாருங்கள். ஆட்டுக்குளம்பு மாதிரி பிளந்த இலை, கத்தரிப்பூ நிறப் பூ என்றால் அடும்பு. ஊசி ஊசியாக உருண்டையாகக் காற்றில் உருண்டு வருவது ராவணன் மீசை. மணல்மேடு காற்றில் பறந்துவிடாமல் பிடித்து வைத்திருப்பது இவை இரண்டின் வேர்தான். அதன்மேல் கூடாரம் போட்டு இரண்டு நாள் மிதித்தால் கொடி செத்து, அந்த இடம் சொட்டையாகிவிடும். வெறும் மணல் பத்தடி தள்ளியே கிடைக்கும்.

தென்னைக்குக் கீழே கூடாது. காரணம் சொல்லத் தேவையில்லை. பனைக்கும் அதே. சவுக்கின் கீழே போடலாம், ஆனால் காய்ந்த கிளை மேலே தொங்குகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். இன்னொரு கணக்கு சூரியன். நம் கடலில் சூரியன் உதிக்கிறது. 7 மணிக்கெல்லாம் கூடாரம் இட்லிப் பானை ஆகிவிடும். கிழக்கே நாலு சவுக்கு இருக்கும்படி இடம் பிடித்தால் 8.30 வரை தூங்கலாம்.

காற்று: மதியத்துக்கு மேல் கடலிலிருந்து கரைக்கு, பின்னிரவில் பெரும்பாலும் கரையிலிருந்து கடலுக்கு. வாசலைக் கடலைப் பார்த்து வைக்க ஆசையாகத்தான் இருக்கும். வைத்தால் சாயங்காலம் படுக்கையெல்லாம் மணல். குறுகிய பக்கம் கடலைப் பார்க்கட்டும், வாசல் பக்கவாட்டில் இருக்கட்டும், ஜன்னல் வலை இரண்டு பக்கமும் திறந்திருக்கட்டும்.

இப்போது பை. மஞ்சப்பையில் முக்கால் அளவுக்கு ஈர மணலை நிரப்புங்கள். வாயை முறுக்கிக் கயிற்றால் கட்டுங்கள். அந்தக் கயிற்றின் மறுமுனைதான் கூடாரத்துக்குப் போகும். கூடார மூலையிலிருந்து நாலடி தள்ளி, கயிறு இழுக்கும் திசைக்குக் குறுக்காக ஒரு முழ ஆழம் பள்ளம் பறித்து, பையைப் படுக்கப் போடுங்கள். கயிறு சாய்வாக மேலே வர ஒரு விரல் அகலத்துக்கு வெட்டு விட்டுக்கொள்ளுங்கள். மணலைத் தள்ளி, அரைச் செம்பு கடல் தண்ணீர் ஊற்றி, குதிகாலால் மிதியுங்கள். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கயிற்றைப் பிடித்து உடம்பைப் பின்னால் சாயுங்கள். நகரவில்லை என்றால் சரி. பை இல்லாவிட்டால் ஒரு முழத் தென்னை மட்டையைக் குறுக்கே புதைத்தாலும் நிற்கும். அக்கா சொல்லிக்கொடுத்த இந்த முறைக்குப் பிறகு எங்கள் கூடாரம் ஒரு தடவைகூட விழவில்லை.

தண்ணீரும் கழிவறையும்

கடலோர நிலத்தடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய அடுக்காகத்தான் கிடக்கிறது. மோட்டார் போட்டு உறிஞ்ச உறிஞ்ச உப்பு மேலே வரும். தோப்புக் கிணறு ஒரு தடவை உப்பானால் அந்தத் தெருவுக்கே கஷ்டம். அதனால்தான் நல்ல முகாம்களில் ஷவர் இருக்காது, வாளிதான். ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு வாளி என்று நாங்கள் வைத்துக்கொள்கிறோம். கடலில் குளித்துவிட்டு வந்தால் முதலில் கையால் மணலைத் தட்டிவிட்டு, அப்புறம் வாளிக்குப் போனால் ஒன்றே போதும். தலைக்குச் சீயக்காய். அந்தத் தண்ணீர் நேராக வாழைக்குப் போகிறது.

இனி எல்லாரும் கேட்கக் கூச்சப்படும் விஷயம். சில முகாம்களில் உலர் கழிவறை இருக்கும். ஏன் என்றால், மணலில் நாலடி தோண்டினால் தண்ணீர் வரும் இடத்தில் குழிக் கழிவறை வைத்தால் அது நேரே கிணற்றுக்குப் போகும். உலர் கழிவறையில் தரைக்கு மேலே கட்டிய இரண்டு அறை. ஒன்று நிறைந்ததும் மூடி, ஆறு மாதத்துக்கு மேல் மக்கவிட்டு உரமாக எடுப்பார்கள். திருச்சிப் பக்கம் முசிறியில் இப்படிப் பொதுக் கழிப்பிடமே கட்டி, பயன்படுத்தியவர்களுக்குக் காசு கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள்.

உள்ளே போனால் மூன்று இடம் இருக்கும்: முன்னால் சிறுநீருக்கு, நடுவில் மூடி போட்ட ஓட்டை, பின்னால் கழுவிக்கொள்ள. வேலை முடிந்ததும் பின்னால் நகர்ந்து உட்கார்ந்துதான் கழுவ வேண்டும். நடு ஓட்டைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகக் கூடாது; போனால்தான் நாற்றம். பிறகு பக்கத்து டப்பாவிலிருந்து ஒரு கரண்டி சாம்பலோ தேங்காய் நார்த்தூளோ தூவி மூடியைப் போட வேண்டும். என் மகள் முதல் நாள் அழுதாள், இரண்டாம் நாள் புதிதாக வந்த மாமா ஒருவருக்குச் செய்முறை விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தாள். சானிட்டரி நாப்கின், குழந்தை டயப்பர் இரண்டையும் காகிதத்தில் சுற்றி ஊருக்கே எடுத்துவந்துவிடுங்கள். மக்காது.

சாப்பாடு

முகாமிலேயே சாப்பிடுங்கள். ஊர்க்காரர்களுக்கு அதில்தான் வருமானம். மீன் வேண்டுமானால் காலை 6 முதல் 8 மணிக்குள் ஃபைபர் படகுகள் கரையேறும் இடத்துக்குப் போய் வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தருவார்கள். சங்கரா, காரப்பொடி, நெத்திலி எது வந்திருக்கிறதோ அது. 'வஞ்சிரம் இல்லையா' என்று கேட்டுக்கொண்டு நிற்பவரைப் பார்த்தாலே பட்டணம் என்று தெரிந்துவிடும். வயிற்றில் முட்டை அப்பிய சினை நண்டை வாங்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு கொண்டுவருவது மட்டும்தான், விலையும் ஏறியிருக்கும்.

கரையில் உலரும் வலையைத் தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். கரைவலை இழுப்பதைப் பார்த்தால் நின்று பாருங்கள். "வாங்க தம்பி, ஒரு கை புடிங்க" என்று யாராவது பெரியவர் கூப்பிட்டால் செருப்பைக் கழற்றிவிட்டுப் பிடியுங்கள். இரண்டு நிமிடத்தில் உள்ளங்கை எரியும்.

கேம்ப் ஃபயர் பற்றி: சவுக்குச் சருகு பஞ்சு மாதிரிப் பற்றும். தோப்புக்குள் நெருப்பே வேண்டாம். முகாமில் அதற்கென்று இடம் இருந்தால் மட்டும், அவர்கள் மூட்டினால் மட்டும். மணலில் மூட்டிய நெருப்பை மணல் போட்டு மூடிவிட்டுப் போவது இன்னும் மோசம். உள்ளே கங்கு மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும், காலையில் வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தைக்குத் தெரியாது. தண்ணீர் ஊற்றி அணைத்து, கரியை அள்ளிவிட வேண்டும்.

கடல்

வங்கக்கடலின் இந்தக் கரை சட்டென்று ஆழமாகும். முட்டியளவு என்று நினைத்து இன்னும் இரண்டு அடி வைத்தால் இடுப்பு, அடுத்த அலையில் கால் தரையில் இருக்காது. எங்கள் வீட்டு விதி: முட்டிக்கு மேல் இல்லை, குடித்தவருக்குக் கடல் இல்லை, இருட்டிய பின் யாருக்கும் இல்லை.

'சுழல் இழுத்துவிட்டது' என்று செய்தியில் வருவது பெரும்பாலும் சுழலே இல்லை. கரைக்கு வந்த தண்ணீர் ஒரு குறுகிய வழியாகத் திரும்பக் கடலுக்கு ஓடுகிற இழுவை அது. இரண்டு பக்கமும் அலை உடையும்போது நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாக, கலங்கலாக இருக்கும். தெரியாதவர்கள் அங்கேதான் போய் இறங்குவார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள், களைப்புதான் ஆளைக் கொல்கிறது. மிதந்துகொண்டிருங்கள், கையை ஆட்டிக் கூப்பிடுங்கள், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகருங்கள். கழிமுகத்தில், அதாவது உப்பங்கழி கடலில் சேரும் முகத்துவாரத்தில், ஓதம் வற்றும் நேரம் இறங்கவே கூடாது.

தண்ணீரில் விளையாட ஆசை என்றால் உப்பங்கழிக்குப் போங்கள். முதலியார்குப்பத்தில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் இருக்கிறது. லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போடுங்கள். கழுவெளி 2024-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. குளிர்காலத்தில் பறவை பார்க்க விடிகாலையில் போக வேண்டும், சத்தமில்லாமல்.

சொறி மீன் பட்டால், அதுதான் ஜெல்லி மீன், தேய்க்காதீர்கள். கடல் தண்ணீரால் கழுவி, ஒட்டியிருக்கும் நாரைக் குச்சியால் எடுத்துவிட்டு, தாங்கும் சூட்டில் வெந்நீர் விடுங்கள். மூச்சு வாங்கினால் 108. கடலில் ஆபத்து என்றால் 1093, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமம்; 1554, இந்தியக் கடலோரக் காவல்படை. போனில் இப்போதே பதிந்துவையுங்கள். செருப்பை இரவில் கூடாரத்துக்குள் வையுங்கள், காலையில் தட்டிப் போடுங்கள். மணற்பாங்கான புதர்களில் சுருட்டை விரியன் உண்டு.

இரவு

ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரைக்குப் பங்குனி ஆமை முட்டையிட வரும். இரவில் ஏறி, குழி தோண்டி, சுமார் 100 முட்டை இட்டு மூடிவிட்டுப் போய்விடும். 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரிக்கும். குஞ்சுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வெளிச்சமான பக்கம் கடல். இயற்கையில் அது சரி. நாம் கரையில் விளக்குப் போட்டால் தோப்புக்குள்ளும் ரோட்டுக்கும் போய்ச் சாகும். கடற்பக்க விளக்கைப் பற்றி போனில் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

அதனால் இரவில் கரையில் சிவப்புத்தாள் ஒட்டிய டார்ச், அதுவும் தரையைப் பார்த்து. ஐந்து நிமிடம் அணைத்துவிட்டு நின்றால் கண் பழகிவிடும், டார்ச்சே வேண்டியிருக்காது. ஒரு தடவை அப்படி நின்றபோதுதான் மகள் காட்டினாள்: கடலிலிருந்து மேட்டுக்குச் சின்ன டிராக்டர் டயர் ஏறிய மாதிரி ஒரு தடம். முடியும் இடத்தில் இருட்டில் பாறை மாதிரி ஒன்று, பின்துடுப்பால் மணலை வீசிக்கொண்டிருந்தது. நாங்கள் பின்னால், தூரத்தில் மூன்று பேரும் உட்கார்ந்துவிட்டோம். அது மூச்சு விடுவது கேட்டது. களைத்துப்போன ஆள் விடுகிற பெருமூச்சு மாதிரியே இருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து அலைக்குள் போனது. போட்டோ இல்லை.

பார்த்தால் ஆமைக்கு முன்னால் போகாதீர்கள், பிளாஷ் அடிக்காதீர்கள், முட்டையைத் தொடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் அது. முகாமில் சொன்னால் வனத்துறைக்கோ ஆமைப் பாதுகாப்பில் இருக்கும் தன்னார்வலர்களுக்கோ தகவல் போகும், அவர்கள் முட்டையைப் பொரிப்பகத்துக்கு எடுத்துப்போவார்கள். செத்து ஒதுங்கிய ஆமையைப் பார்த்தாலும் சொல்லுங்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின.

கிளம்பும் நாள்

பைகளைத் தோண்டி எடுத்து, மணலைக் கொட்டி, பள்ளத்தை மூடுங்கள். திறந்து கிடக்கும் பள்ளத்தில் ஆமைக் குஞ்சு விழுந்தால் ஏற முடியாது. காலியான மஞ்சப்பையிலேயே உங்கள் குப்பையை அடைத்து எடுத்துவாருங்கள். ஊரில் குப்பை அள்ள ஆள் இருக்கிறது, குப்பத்தில் எரிப்பார்கள். சாப்பாட்டுக்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் தனியாக ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கூடாரத்தை மடித்தபடியே பரணில் போட்டுவிடாதீர்கள். உப்பு ஜிப்பைத் தின்றுவிடும். குழாய்த் தண்ணீரில் அலசி, மொட்டை மாடியில் நிழலில் காயப்போட்டு, ஜிப் பல்லில் மெழுகுவத்தியை ஒரு தேய் தேயுங்கள். மணல் எப்படியும் ஒரு பிடி மிஞ்சும். எங்கள் வீட்டில் அது மாடித் துளசித் தொட்டிக்குப் போகப் பார்த்தது. "உப்பு மணல், செடி செத்துடும்" என்று மனைவி தடுத்துவிட்டார். இப்போது ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில், ஒவ்வொரு தடவைக்கும் ஒரு அடுக்காக ஏறிக்கொண்டிருக்கிறது.